பன்னிரண்டாம் நாள் அவிழ்த்த கட்டு

ஆனால் அந்த மண்ணை, சாபம் விட வந்தவள் உன் மகள் மேல் போடவில்லை, என் தங்கத் தம்பி செல்வராசு. நம் வீட்டு வாசலில் நின்று, இரண்டு கையாலும் வாரி, கதவைப் பார்த்துத் தூற்றிவிட்டுப் போனாள். கௌரி உள்ளே இருந்தாள். வாசலில் நின்றவள் நான்தான். பாதி மண் என் சேலையில் விழுந்தது. அந்தச் சேலையை இன்னும் துவைக்கவில்லை. துவைத்தால் சாபம் போய்விடுமா, இல்லை ஊறிவிடுமா என்று தெரியாமல் கொடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இதுவரை உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் விளக்கேற்றும்போது உன் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். காப்பிப் பழம் இந்த வருஷம் பிந்திப் பழுத்தது, மிளகுக் கொடி வாடிப் போனது, ஆடலூர் ரோட்டில் மறுபடியும் மண் சரிந்தது, எல்லாம் சொன்னேன். கேட்டாயா இல்லையா தெரியாது. ஆனால் இதைப் படத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து. கேலி செய்யாமல் படி.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தவரை கௌரி என்ன செய்துகொண்டிருந்தாள்? பேஸ்பால் எறிந்த கை கெட்டுப் போனபிறகு ஒரு வருஷம் என்னோடு காப்பி பறித்தாள். அப்புறம் பி.டி. டீச்சர் படிப்பு படித்தாள். ஊர் ஊராய் நடக்கிற போட்டிகளில் ஓரத்தில் மேசை போட்டு ஸ்கோர் எழுதினாள். மே மாதம் கோடைக்கானலில் பணக்காரப் பிள்ளைகளுக்கு விளையாட்டு கேம்ப் நடந்தால் அங்கே பந்து பொறுக்கிப் போட்டாள். "இதுக்கா இம்புட்டுப் படிப்பு" என்று நீ முனகுவாய். அதோடு நீ போய்விட்டாய்.

அதற்கப்புறம்தான் வடக்கே எங்கோ போய் ஆறு வாரம் கோச் படிப்பு படித்துவிட்டு வந்தாள். திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பேஸ்பால் டீம் இருக்கிறது. அதில் பந்து எறிகிற பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு கோச் வேண்டும் என்று இவளை எடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் புதுசாக ஆர்டர் போடுகிற வேலைதான். இருந்தாலும் கழுத்தில் ஒரு விசில், நெஞ்சில் கல்லூரிப் பேர் போட்ட சட்டை. நான் பஜாரில் எல்லோரிடமும் சொன்னேன். நம் கடைக்கார பாய் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, பந்து எறியச் சொல்லிக்குடுக்க ஒரு கோச்சா? ஆரஞ்சுத் தோட்டத்துல கொரங்கு வெரட்டுற பொம்பளைங்க அம்புட்டுப் பேரையும் கோச்சா போடலாமே!"

"போடுங்க பாய், மொத ஆர்டரை எனக்குப் போடுங்க" என்றேன். கோபம் வரவில்லை. உன் மகள் எறியப் பழகினதே அப்படித்தானே. அப்புறம்தானே காப்பிக் களத்துச் சுவரில் கரியால் கட்டம் போட்டு, அதற்குள்ளேயே படுகிற மாதிரி நாள் முழுக்க எறிந்தாள். களத்துக் கணக்கப்பிள்ளை வந்து உன்னிடம் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா?

ஒரு தடவை அவள் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கப் போனேன். பேஸ்பாலில் கிரிக்கெட் மாதிரி ஓடிவந்து தரையில் குத்திப் போடக்கூடாது. ஒரு சின்ன மேட்டில் நின்றபடி, மட்டை பிடிக்கிறவளைத் தாண்டிப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் கைக்கு நேரே போகவேண்டும். இவள் பக்கவாட்டில் நிற்கிறாள். கையில் எண்ணுகிற மிஷின் ஒன்று. பிள்ளை ஒரு தடவை எறிந்தால் இவள் ஒரு தடவை அமுக்குவாள். இத்தனைக்கு மேல் எறியக்கூடாது என்று ஒரு கணக்கு. அதைத் தாண்டினால் யாராக இருந்தாலும் உட்கார வேண்டியதுதான்.

"ஏத்தா, பந்து எங்கிட்டுப் போகுதுன்னே நீ பாக்க மாட்டேங்குறியே?" என்று கேட்டேன்.

"பந்தை ஊரே பாக்கும் அத்தை. நான் முழங்கையத்தான் பாப்பேன். அலுத்துப் போனாலோ வலிச்சாலோ முழங்கை எறங்கும். வாய் பொய் சொல்லும், முழங்கை சொல்லாது."

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது மண் தூற்றின கதை. கௌரியிடம் எறியப் பழகுகிறவர்களில் மலர் என்று ஒரு பிள்ளை. ஆடலூர்க்காரி. அவள் அம்மா ஈஸ்வரி அங்கே எஸ்டேட்டில் வேலை செய்கிறாள். மலர் எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாது என்பார்கள். போன மாதம் கல்லூரிகளுக்குள்ளே ஃபைனல். ஜெயித்தால் கிடைக்கிற சர்டிபிகேட்டை வைத்து விளையாட்டு கோட்டாவில் போலீஸ் வேலைக்கு எழுதலாம் என்று ஈஸ்வரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஐந்தாவது இன்னிங்ஸ் வரை நம் பிள்ளைகள்தான் முன்னால். திடீரென்று கௌரி மேட்டுக்கு நடந்து போய், கையை நீட்டி மலரிடம் பந்தைக் கேட்டிருக்கிறாள். "மிஸ், நான் நல்லாத்தான் இருக்கேன் மிஸ்" என்று அந்தப் பிள்ளை அழுதிருக்கிறது. இவள் விடவில்லை. வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். அவள் எறிந்ததை எதிரிகள் விளாசித் தள்ளிவிட்டார்கள். தோற்றுப் போனார்கள். மலர் அழுததை யாரோ செல்போனில் எடுத்து, மறுநாளே அது ஆடலூர் முழுக்கச் சுற்றியது.

இரண்டாம் நாள் வெள்ளனே ஈஸ்வரி நம் ஊருக்கு, பெரும்பாறைக்கு வந்துவிட்டாள்.

"எங்க அவ? கோச்சம்மா எங்க? ஒங் கை வெளங்காமப் போச்சுன்னு எம்புள்ள கையையும் கட்டிப் போட்டுட்டியேடி! அவ மேல வந்துருவாளேன்னு வயிறு எரிஞ்சுச்சோ?"

"ஏ ஈஸ்வரி, பாத்துப் பேசு. பொழுது விடிஞ்சதும் விடியாததுமா வாசல்ல வந்து…"

"நீ பேசாத கெழவி! பொறாமை புடிச்ச குடும்பம். நல்லா இருப்பீங்களா நீங்க?"

அப்புறம்தான் மண். எனக்கு ஐம்பத்தாறு வயசு, தம்பி. கெழவி என்றாள். அது கூடப் பரவாயில்லை.

கல்லூரியில் பிரின்சிபால் அம்மா கூப்பிட்டு, "மலரை வெளியே எடுத்தது என் தவறான முடிவு" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும். அதுவரை மைதானத்துக்கு வரவேண்டாம். எழுதாவிட்டால் அடுத்த வருஷ ஆர்டர் வராது என்று வாயால் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

அன்றையிலிருந்து கௌரி வீட்டில்தான் இருக்கிறாள். மேசைமேல் வெள்ளைத்தாள் அப்படியே கிடக்கிறது. நான் முறத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, அந்தம்மா சொல்றது நெசமா இருக்குமோ?"

"என்னத்தா உளர்ற?"

"மலர் முழங்கை எறங்குனதை நான் பாத்தேன். பாத்தேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா எனக்குக் கெடைக்காதது இவளுக்குக் கெடைக்கப் போகுதேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு இருந்து, அது என் கண்ணை மாத்திக் காட்டியிருந்தா? அப்ப நான் இந்த வேலைக்கே லாயக்கு இல்லேல்ல?"

வேலை போவது கூட இல்லை தம்பி, தன் கண்ணையே நம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கண்ணைத் தவிர அவளிடம் வேறென்ன இருக்கிறது? அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "முருகனை வேண்டிக்கோ, எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

இனிமேல் எழுதப் போவதுதான் படத்திடம் சொல்ல முடியாதது.

அவள் கை எப்படிப் போனது என்று நீ கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாய்? கல்லூரி பி.டி. சார் வலியோடு வலியாக எறிய வைத்துக் கெடுத்துவிட்டார் என்று. அது பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தவள் நான்.

மூணாம் வருஷம் படிக்கும்போது அவள் முழங்கை வீங்கி வந்தது. கீழ்மலையில் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் நான்தான் கூட்டிப் போனேன். முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "இருவத்தோரு நாளு. கட்டை அவுக்கக்கூடாது, கையைத் தலைக்கு மேல தூக்கவும் கூடாது" என்றார். ஆனால் அதற்கு முன்னாலேயே நான் ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். யுனிவர்சிட்டி டீமில் இவள் பேர் வந்தால், தைப்பூசத்துக்கு இவளே பழனியில் பால்குடம் எடுப்பாள் என்று. பேரும் வந்துவிட்டது. தைப்பூசம் வந்தது கட்டுப் போட்ட பன்னிரண்டாம் நாள்.

நம் கோயில் பூசாரி அப்போதே சொன்னார்: "அடுத்த தைப்பூசத்துக்கு எடுத்துக்கலாம் பேச்சி. முருகன் எங்கயும் ஓடிப் போயிற மாட்டான்." நான் கேட்கவில்லை. வேண்டினதைக் கொடுத்த சாமியைக் காக்க வைத்துவிட்டு இவள் விளையாடப் போனால், கொடுத்ததை அவன் திருப்பி எடுத்துக்கொள்வான் என்று பயந்தேன். முருகன் கேட்டானா? அவன் கேட்கவே இல்லை. எனக்குத்தான் அவசரம்.

விடிந்ததும் கட்டை நானே அவிழ்த்தேன்.

"அத்தை, வைத்தியர் இருவத்தொண்ணுன்னாரே?"

"முருகனுக்குத் தெரியாத வைத்தியமாத்தா? வெரசாக் குளிச்சிட்டு வா."

உன்னிடம் வந்து, வைத்தியரே அவிழ்க்கச் சொல்லிவிட்டார் என்றேன். நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. நீ ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் எங்களோடு பழனிக்கு பஸ் ஏறினாய். பச்சைச் சேலை கட்டி, தலையில் குடத்தோடு, வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தனை படியும் ஏறினாள். நான் பின்னாலேயே அரோகரா போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் நின்றாள். நான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன், தம்பி. இந்தக் கையால்.

இறங்கி வந்தபோது அவளால் விரலை மடக்க முடியவில்லை. மறுநாள் பழைய துணியைக் கிழித்து, மருந்து ஒன்றும் இல்லாமல், சார் கண்ணுக்குக் கட்டு அவிழாத மாதிரி தெரிய நானே சுற்றிவிட்டேன். "அப்பாகிட்டயும் சார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத" என்றேன். அவளும் சொல்லவில்லை. அவளுக்கும் ஆடணும் என்றுதான் இருந்தது. அதை மறைத்து முழுப் பழியையும் நானே தூக்கிக்கொண்டால் அதுவும் ஒரு பொய்தான். பத்து நாள் கழித்துப் போட்டியில் எறிந்தாள். நாலாவது இன்னிங்ஸில் முழங்கைக்குள்ளே ஏதோ அறுந்தது.

நீ கல்லூரி மைதானத்துக்கே போனாய். "எம்மக கையத் தின்னுட்டியேடா, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் கத்தினாய். அந்த மனுஷன் தலையைக் குனிந்து நின்றார். "நான் கவனிச்சிருக்கணுங்க" என்று மட்டும் சொன்னார். நான் உன் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரில் எவள் வீட்டுச் சோலி என்றாலும் முதல் ஆளாய்ப் பேசுகிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அந்த வருஷத்தோடு அவர் வேலையை விட்டுவிட்டார். இப்போது செண்பகனூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறார். டவுன் பஸ்ஸில் ஒரு நாள் அவரைப் பார்த்துவிட்டு, என் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடலூருக்குப் போனேன். ஈஸ்வரி வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, மண்ணைத் திருப்பிப் போட வந்தியா?" என்றாள்.

"இல்ல. ஒரு விசயம் சொல்லிட்டுப் போறேன். கேட்டுட்டு அப்புறமா வெரட்டு."

உனக்கு எழுதினதையெல்லாம் அவளிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, மண் தூற்றினவளிடம் முதலில் சொன்னேன். பாதியில் மலர் வெளியே வந்தாள். காயாத மிளகுச் சாக்கை இடது கையால் தூக்கி, இடுப்பில் சாய்த்துக்கொண்டு போனாள். நான் பார்த்ததை ஈஸ்வரி பார்த்துவிட்டாள்.

"மேட்சுக்கு முன்னாடியே பத்து நாளா வலிச்சுச்சு பெரியம்மா" என்றாள் மலர், தரையைப் பார்த்து.

"ஏ, சும்மா கெட!" என்றாள் ஈஸ்வரி. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஒரு மேட்சுதானக்கா? ஒரே ஒரு மேட்சு தாங்காதா?"

"தாங்கியிருக்கலாம். தாங்காமயும் போயிருக்கலாம். எனக்கு எப்படித்தா தெரியும்?"

அவள் அழுதாள். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. "எம்புள்ளைய நான் எஸ்டேட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லி வளத்தேன்" என்றாள். எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். "காலேஜுக்கு வந்து நான் ஒண்ணும் பேச மாட்டேன். போட்ட மண்ணை எடுக்கவும் மாட்டேன். நீ வந்ததுக்கு இம்புட்டுத்தான்" என்றாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கௌரியிடம், மலருக்கு மேட்சுக்கு முன்னாலேயே பத்து நாளாய் வலியாம், உன் கண் பொய் சொல்லவில்லை என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "நீ எதுக்கு ஆடலூர் போன?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். உட்கார்ந்து கேட்டாள்.

"இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு அத்தை? நாந்தான சொமந்தேன்."

"பெறகு ஏன்த்தா ஒங்கப்பன்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வீட்டை விட்டுப் போயிருப்ப. அம்மாவும் இல்ல. நீயும் போயிட்டா?"

பன்னிரண்டு வருஷம். என் பொய்யை அவள் சுமந்துகொண்டே ஊர் ஊராய் ஸ்கோர் எழுதியிருக்கிறாள். அவளே மறுபடியும் பேசினாள்.

"சாரை நெனச்சாத்தான் அத்தை முடியல. அவரு என் முழங்கையப் பாக்கலைன்னு நானே எத்தனையோ நாள் மனசுக்குள்ள திட்டியிருக்கேன். மறைச்சது நானு."

"வெள்ளிக்கெழம என்ன எழுதிக் குடுக்கப் போற?"

"தெரியல. அவங்க கேட்டதை எழுதுனா, மலர் அடுத்த வாரமே அதே கையோட மேட்டுல நிப்பா. எழுதலைன்னா நான் வெளிய வந்துருவேன், வேற யாராவது வந்து அவளை நிக்க வைப்பாங்க. ரெண்டுலயும் அவதான நிக்கிறா?"

நீ இருந்தால் என்ன சொல்வாய்? முருகனிடம் கேட்கவும் இந்தத் தடவை வெட்கமாக இருக்கிறது. இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்று பேரம் பேசித்தான் எனக்குப் பழக்கம். சும்மா கும்பிட்டுவிட்டு வரத் தெரிகிறதா பார்க்க வேண்டும்.

இன்று வியாழக்கிழமை. நாளைக்கு அவள் கல்லூரிக்குப் போகும்போது நானும் கூடப் போகிறேன். அவள் எதை எழுதினாலும் சரி, எழுதாமல் போனாலும் சரி. பிரின்சிபால் அம்மா முன்னால் நின்று, வலியை மறைத்தால் கை என்ன ஆகும் என்று நான் பேசுவேன். கேட்கிறார்களோ இல்லையோ. அது முடிந்ததும் செண்பகனூர் போய், அந்த சாரைப் பார்த்து, நீ கத்தினதற்கும் நான் பேசாமல் நின்றதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். இதில் நேர்த்தி ஒன்றும் கிடையாது. உன்மேல் சத்தியம்.

உன் மகளை வளர்த்த, உன்னிடம் பொய் சொன்ன,
உன் கூடப் பிறந்த அக்கா
பேச்சியம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று ஞாபகம் வருகிறது, தம்பி. உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தானே இத்தனை பக்கம் எழுதினேன். அன்றைக்குப் பழனியிலிருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில் நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அவள் வலது கையைத் தூக்கி உன் மடியில் வைத்து, வேட்டி முனையைத் தண்ணீரில் நனைத்து முழங்கையைச் சுற்றி, பெரும்பாறை வந்து சேரும்வரை அதை உன் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டே வந்தாய்.